தொண்டையை உள்ளே பார்க்க ஒருவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தொண்டை வலிக்கான கைவைத்தியக் குறிப்புகள் ஒரு முழுப்பக்கம் வந்திருந்தன. உப்புத் தண்ணீர், மிளகுக் கஷாயம், அதிமதுரம், சித்தரத்தை, மஞ்சள் பால், தேன். எல்லாம் எங்கள் வீட்டிலும் இருப்பவைதான், எதையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு வரியைத் தேடினேன், இல்லை. இத்தனை நாளுக்குள் சரியாகாவிட்டால் தொண்டையை யாராவது உள்ளே பார்க்க வேண்டும் என்ற வரி. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது. இடம் போதாவிட்டால் என் கதையை வெட்டிவிடுங்கள், அந்த வரியை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

நான் தெருக்கூத்து வாத்தியார். தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் ஊர். மாசி பிறந்துவிட்டால் ஆடி முடியும்வரை பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காவேரிப்பட்டணம், பர்கூர் என்று அலைச்சல்தான். தர்மராஜா கோயிலிலோ திரௌபதி அம்மன் கோயிலிலோ பாரதம் என்கிற மகாபாரதத் திருவிழா வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் விழுகிற படுகளம், சாயங்காலம் தீமிதி. ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் களரியில் இறங்கினால் விடியும்வரை பாட்டும் வசனமும்தான். இப்போது தலைக்கு மேலே மைக் தொங்குகிறது. இருந்தாலும் மிருதங்கத்தையும் முகவீணை என்கிற ஊதுகுழலையும் தாண்டித்தான் குரல் போக வேண்டும். துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் ராத்திரி முழுக்கக் கத்திவிட்டு, மறுநாள் காலை வெயிலில் படுகளத்தில் பீமனோடு மறுபடியும் கத்த வேண்டும். தொண்டை போனால் எங்கள் வீடுகளில் அடுப்பு எரியாது.

அதனால் தொண்டை வலி எங்களுக்குப் புதிதல்ல. "கட்டிக்கிச்சு" என்போம், மிளகும் கற்கண்டும் மெல்லுவோம், நாலு நாளில் சரியாகிவிடும். சளிக்காய்ச்சலோடு வருகிற தொண்டை வலியும் அப்படித்தான். பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருவது, ஒரு வாரத்தில் தானாக அடங்கும். நான் எழுதுவது அடங்காத வலியைப் பற்றி. வாரங்கள் ஓடிய பின்னும் விடாமல் கரகரக்கிற, எச்சில் விழுங்கும்போதெல்லாம் உறுத்துகிற தொண்டையைப் பற்றி.

ஒரே பாரதப் பருவத்தில் எங்கள் குழுவில் மூன்று பேருக்கு அப்படி ஆனது. எனக்கு, பெண் வேஷம் கட்டுகிற ஒரு தம்பிக்கு, தாளம் போடுகிற பெரியவருக்கு. மூன்று பேரும் சொன்னது ஒரே மாதிரி. தொண்டை வலிக்கிறது, குரல் கம்முகிறது, செருமிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. மூன்று பேருக்கும் மருந்துக்கடையில் கிடைத்ததும் ஒன்றேதான். அசித்ரோமைசின் 500, மூன்று மாத்திரை அட்டை. கூடவே வெள்ளைத்தாளில் மடித்த ஒரு செட். அதில் வலி மாத்திரை ஒன்று, சளி மாத்திரை ஒன்று, பெயரே தெரியாத குட்டி மாத்திரை ஒன்று. கடைக்காரத் தம்பி எங்கள் கூத்தை உட்கார்ந்து பார்க்கிற பையன், "வாத்தியாரே, நாளைக்கே பாடுவீங்க" என்றுதான் கொடுத்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அவனும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அதற்கு முன் நான் காட்டிய கிளினிக்கிலும் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எந்த ஊர், யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

மாத்திரை விழுங்குகிற நாட்களில் கொஞ்சம் தேவலை போல இருக்கும், விட்டதும் திரும்ப வரும். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். உள்நாக்கு விழுந்திருக்கிறது, உப்பு வைத்து அழுத்தித் தூக்கிவிட வேண்டும் என்றார் ஒருவர். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, சிக்கியதை ஊதி எடுப்பதாகச் சொல்கிற, தொக்கம் எடுக்கிற இடத்துக்குப் போகலாம் என்றார் இன்னொருவர். திருஷ்டி என்று என் அக்கா மிளகாய் சுற்றிப் போட்டது. அன்பில் செய்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் உள்ளே விளக்கடித்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

கடைசியில் அரசு மருத்துவமனை ஒன்றில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு மூன்று பேரும் சேர்ந்தே போனோம். இளவயது டாக்டரம்மா. என் நாக்கை ஒரு துணியால் பிடித்து வெளியே இழுத்து, காம்பு நீண்ட சின்னக் கண்ணாடி ஒன்றைச் சூடு காட்டி, உள்ளே வைத்து "ஈ சொல்லுங்க ஐயா" என்றார். குமட்டல் வந்தது, அவ்வளவுதான், வலி இல்லை. பிறகு மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டார். முனையில் விளக்கும் கேமராவும் இருக்கிறது. மூக்கில் மரத்துப்போகிற மருந்து அடித்துவிடுகிறார்கள். எதிரே திரையில் என் குரல்நாண் இரண்டும் தெரிந்தன. இத்தனை வருஷம் என்னைச் சோறு தின்ன வைத்த அந்த இரண்டு சின்ன மடிப்புகளை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

நான் கூத்து வாத்தியார் என்று தெரிந்ததும் அந்த டாக்டரம்மா ஒரு விஷயம் சொன்னார். குரல்நாணைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் முறையை உலகுக்குக் கொடுத்தவர் டாக்டர் இல்லையாம், ஒரு பாட்டு வாத்தியாராம். மானுவேல் கார்சியா என்று பெயர். ஸ்பெயின் நாட்டுக் குடும்பம், லண்டனில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். பாடும்போது தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, 1854இல் பல் டாக்டரின் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் வைத்து, கையில் இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தன் குரல்நாணைத் தானே பார்த்திருக்கிறார். மறு வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில் அதை எழுதிப் படித்தார்கள். அதற்குப் பின்தான் டாக்டர்கள் அந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்தார்களாம். 101 வயது வரை வாழ்ந்தாராம். தொண்டையால் பிழைக்கிற ஒருவர் தொடங்கி வைத்த சோதனை, தொண்டையால் பிழைக்கிற எங்களுக்கு இவ்வளவு தாமதமாகவா கிடைக்க வேண்டும் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

சரி, உள்ளே பார்த்ததில் என்ன தெரிந்தது என்று சொல்கிறேன். மூன்று தொண்டையிலும் மூன்று வெவ்வேறு காரணம்.

எனக்கு இருந்தது கிருமியே இல்லை. இரைப்பையில் இருக்கிற அமிலம் உணவுக்குழாய் வழியாக மேலேறித் தொண்டையின் பின்பக்கத்தைப் புண்ணாக்கியிருந்தது. "எனக்கு நெஞ்செரிச்சலே கிடையாதே" என்றேன். தொண்டைக்கு ஏறுகிற அமிலத்தில் பலருக்கு நெஞ்செரிச்சல் இருக்காது என்றார். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்குகிற பூச்சு உண்டு, தொண்டைக்கு அது கிடையாது, அதனால் கொஞ்சம் ஏறினாலே போதும். காலையில் எழுந்ததும் குரல் கட்டியிருப்பது, ஓயாத செருமல், தொண்டையில் உருண்டை அடைத்தது போன்ற உணர்வு, வறட்டு இருமல், இதெல்லாம் அதன் அடையாளம். தொக்கம் எடுக்கச் சொன்னது அந்த உருண்டைக்குத்தான். அங்கே எடுக்க எதுவும் இல்லை.

எங்கள் பிழைப்பில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கோயில் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு இலை போடுவார்கள். சாம்பார், ரசம், வடை, பாயசம். சாப்பிட்ட கையோடு கச்சையை இறுக்கிக் கட்டி, புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஆட வேண்டும். நிறைந்த வயிற்றை இறுக்கிக் கட்டினால் உள்ளே இருப்பது மேலேதான் வரும். அடிவயிற்றிலிருந்து மூச்சை உந்திப் பாடினாலும் அப்படியே. தூக்கம் வராமலிருக்க நடுவில் டீ, அப்புறம் இன்னொரு டீ. விடிந்து வேஷம் கலைத்ததும் பசியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே திண்ணையில் சாய்ந்துவிடுவோம். இது எதுவும் மருந்துக்கடைக்குத் தெரியாது. டாக்டரம்மா என் ஒரு நாளைக் காலையிலிருந்து ராத்திரிவரை கேட்டார், அதனால் தெரிந்தது. இன்னொன்றும் சொன்னார். அந்த செட்டில் இருக்கிற வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும், புளிப்பைக் கிளப்பும். நோயைத் தீர்க்க வாங்கியது நோயையே வளர்த்திருக்கிறது.

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் பொறுமை வேண்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இடைவெளி. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து அரை அடி உயர்த்துவது. தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்து மடங்கி வயிறு இன்னும் அழுந்தும், பலன் இல்லை. டீ, காபி, எண்ணெய்ப் பலகாரம், காரம் எல்லாவற்றையும் குறைப்பது. புகையும் மதுவும் உள்ளவர்கள் விடுவது. அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுப்பது. அதையும் டாக்டர் சொன்ன காலம்வரைதான், நாமாகக் கடையில் வாங்கி வருஷக்கணக்கில் விழுங்கக் கூடாது. தொண்டைப் புண் ஆற இரண்டு மூன்று மாதம்கூட ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் நான் நடுவில் விடவில்லை. இப்போது எங்கள் குழுவில் பொழுது சாய்ந்ததும் சாப்பாடு முடிந்துவிடுகிறது. ஊர்ப் பெரியவர்களிடம் நானே போய்க் கேட்டேன். "கூத்தாடிக்கு முதல் பந்தியா" என்று முகம் சுளித்தவர்களும் உண்டு, காரணம் சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள். கச்சையைச் சாப்பிட்டதும் கட்டுவதில்லை. விடிந்ததும் கொஞ்சம் கேழ்வரகுக் கூழ் மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்து, பிறகுதான் படுக்கிறோம்.

பெண் வேஷத் தம்பிக்கு வேறு. அவன் குரல்நாண் இரண்டிலும், ஒன்றோடொன்று மோதுகிற இடத்தில், எதிரெதிராகச் சின்ன முடிச்சு. மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்புக் காய்ப்பதைப் போலத்தான் அதுவும். ஆண் தொண்டையை மேல் சுருதிக்கு இழுத்து இழுத்து வந்தது. அவனுக்கு மாத்திரை எதுவும் எழுதவே இல்லை. குரலுக்கு ஓய்வு, நிறையத் தண்ணீர், அப்புறம் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார்கள். மூச்சை எங்கே பிடிப்பது, கழுத்து நரம்பு புடைக்காமல் எப்படி ஒலி எழுப்புவது என்று பயிற்சி. கிசுகிசுவென்று பேசினால் ஓய்வு என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது குரல்நாணை இன்னும் அதிகமாகச் சிரமப்படுத்துமாம், மெதுவாகச் சாதாரணமாகப் பேசினால் போதும். செருமத் தோன்றும்போது செருமாமல் ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொன்னார்கள். பெரும்பாலும் இப்படியே முடிச்சு கரைந்துவிடும், கத்தி வைக்க வேண்டியது சிலருக்குத்தான். அந்தப் பருவம் முழுக்க அவனை வேஷம் கட்ட விடவில்லை. திரை பிடித்தான், ஒப்பனைக்கு உதவினான், பங்கு மட்டும் குறைக்காமல் கொடுத்தோம். "வாத்தியாரே, சும்மா இருக்கிறவனுக்கு எதுக்குக் காசு" என்று வாங்க மறுத்தான். தொண்டைக்கு ஓய்வு கொடுப்பதும் வேலைதான் என்று சட்டைப்பையில் திணித்தேன். மறுவருஷம் அவன் பாஞ்சாலி கட்டியதைப் பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

தாளக்காரப் பெரியவரைப் பற்றி எழுதத்தான் கை தயங்குகிறது. அவர் பாடுகிறவர்கூட இல்லை, பின்பாட்டுக்கு மட்டும் குரல் கொடுப்பார். வெற்றிலையோடு புகையிலை, நடுவில் பீடி. குரல் கம்மி மாசக்கணக்கில் ஆகியும் "வயசாச்சு, சூடு" என்றே எல்லோரும் விட்டிருந்தோம். எங்களோடு வரச் சொன்னபோதும் "எனக்கெதுக்கு, நான் என்ன பாட்டா பாடறேன்" என்றார். விடாமல் கூட்டிப் போனோம். அவருக்குக் குழாய் விட்டுப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. ஒரு பக்கக் குரல்நாணில் மட்டும் வெள்ளையாகச் சொரசொரப்பு. சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய். ஆனால் ஆரம்ப நிலை.

குரல்நாணில் வருகிற புற்றுநோய்க்கு ஒரு குணம் உண்டு என்று சொன்னார்கள். சின்னதாக இருக்கும்போதே குரலை மாற்றிவிடும், அதனால் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நிலையில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். கழுத்தில் நெறிகட்டிப் பரவிய பிறகு வந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டிவரலாம். பெரியவரைச் சேலத்துக்கு அனுப்பினார்கள். வாரத்தில் ஐந்து நாள் என்று பல வாரம் கதிர்வீச்சு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அவரிடம் இருந்தது. அதில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு, அதனால் நிலத்தை அடமானம் வைக்க வேண்டியிருக்கவில்லை. நடுவில் தொண்டை வெந்துபோய்த் தண்ணீர்கூட இறங்காமல் மிகவும் கஷ்டப்பட்டார். இன்று இருக்கிறார். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, தாளம் பிசகவில்லை. புகையிலையை விட்டுவிட்டார், எங்கள் குழுவிலும் இப்போது யாரும் மடியில் முடிந்து வருவதில்லை.

எங்கள் மூன்று பேரையும் அசித்ரோமைசின் அட்டையோடே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாசகர்கள் யோசிக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருகிற தொண்டை வலி உண்டு. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். திடீரென்று காய்ச்சல், டான்சில் சிவந்து வெள்ளைத் திட்டு, கழுத்தில் தொட்டால் வலிக்கிற நெறி, ஆனால் இருமலும் மூக்கொழுகலும் இருக்காது. அதற்கு பெனிசிலின் வகை மருந்தைப் பத்து நாளும் முழுசாகக் கொடுக்க வேண்டும். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதென்று நிறுத்தினால், பிற்பாடு வாதக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுத்துவிடக்கூடும். வேண்டாத இடத்தில் கொடுப்பதும் வேண்டிய இடத்தில் பாதியில் நிறுத்துவதும் இரண்டுமே ஒரே கடையில் நடக்கிறது, காரணம் யாரும் பார்க்காததுதான். அந்த அட்டைகளின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது என்பதற்கான கோடு அது. வாசகர்கள் வீட்டில் இருக்கிற அட்டைகளை எடுத்துப் பார்க்கட்டும்.

எங்கள் கதைக்கு வெளியேயும் காரணங்கள் நிறைய. எங்கள் பக்கம் புளி தட்டுகிற பெண்களும் கருங்கல் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர்களும் நாள் முழுக்கத் தூசியில் இருக்கிறார்கள். தூசி ஒவ்வாமையில் மூக்குச் சளி பின்பக்கமாகத் தொண்டையில் வடிந்து உறுத்தும். அவர்களுக்கு மருந்து மூக்குக்குத்தான், கூடவே முகத்துக்கு நல்ல முகமூடி. மூக்கடைப்பால் வாயைத் திறந்து தூங்குகிறவர்களுக்குக் காலையில் தொண்டை காய்ந்து வலிக்கும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்குத் தொண்டையில் வெள்ளையாகப் பூஞ்சை படியும், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் அப்படி வரும். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிற சிலருக்குத் தொண்டையில் ஓயாத கிச்சுகிச்சும் வறட்டு இருமலும் வரும், டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள். தானாக நிறுத்திவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும், காசநோய் குரல்வளையிலும் வரும். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். தடுப்பூசி விட்டுப்போன பிள்ளைக்குத் தொண்டை வலியோடு உள்ளே சாம்பல் நிறத்தில் ஆடை படர்ந்திருந்தால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

கைவைத்தியத்துக்கு வருகிறேன். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிப்பது யாருக்கும் கெடுதல் இல்லை, வலி குறையும். தேனும் நல்லதுதான், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தொட்டு வைக்கவும் கூடாது. ஆனால் மிளகுக் கஷாயம் சளித் தொண்டைக்கு இதம், என்னைப் போல அமிலத் தொண்டைக்கு எரிச்சல். மஞ்சள் பால் குடித்த உடனே படுத்தால் அதுவும் மேலேதான் வரும். அதிமதுரம் எங்கள் கூத்துக்காரர்களின் இடுப்பில் எப்போதும் இருக்கும். அதைத் தொடர்ந்து அதிகமாக மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும் என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து, அழுத்தம் உள்ளவர்களை நான் மெல்ல விடுவதில்லை. மருந்து ஒன்றுதான், ஆளுக்கு ஆள் மாறுகிறது. என்ன தொண்டை என்று தெரியாமல் எந்த மருந்து என்று எப்படிச் சொல்வது?

ஆகவே தாங்கள் போட வேண்டிய வரி இது. தொண்டை வலியோ குரல் கம்மலோ மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் உள்ளே பார்க்கச் சொல்ல வேண்டும். விழுங்கச் சிரமம், எச்சிலில் ரத்தம், கழுத்தில் கட்டி, ஒரே பக்கக் காதில் வலி, காரணமில்லாமல் உடல் மெலிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மூச்சு விட முடியாமல் போனாலோ எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிந்தாலோ உடனே 108. கைவைத்தியப் பக்கம் வரும்போதெல்லாம் இதைக் கடைசியில் கட்டம் கட்டிப் போடுங்கள். எங்கள் ஊர் டீக்கடையில் தங்கள் நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்கிறார்கள்.

சுகாதாரத் துறைக்கும் தங்கள் வழியாக ஒன்று கேட்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கினார்கள். அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு வருகிற அந்தப் பெண்கள் வீட்டு வாசலில் நின்று, "குரல் கம்மி மூணு வாரம் தாண்டியவங்க யாராவது இருக்காங்களா, புகையிலை போடறவங்க இருக்காங்களா" என்று சேர்த்துக் கேட்டால் போதும். புளி தட்டுகிற வீட்டிலும் கல் பட்டறைக் குடியிருப்பிலும் கேட்டால் நிறையப் பேர் கை தூக்குவார்கள்.

இன்னொன்று எங்களுக்காக. மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு காலையில்தான் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் நாங்கள் ராத்திரி முழுக்க ஆடிவிட்டு எங்கேயோ ஒரு கோயில் திண்ணையில் தூங்கிக்கொண்டிருப்போம். அதனாலேயே எங்கள் ஆட்கள் மருந்துக்கடையோடு நின்றுவிடுகிறார்கள். பாரதம் நடக்கிற ஊர்களில் ஏதாவது ஒரு நாள், குழாய் வைத்துப் பார்க்கிற கருவியோடு ஒரு மருத்துவரை அனுப்பினால் கூத்துக்காரர்கள், பிரசங்கம் செய்கிறவர்கள், முகவீணைக்காரர்கள், பார்க்க வருகிற நூற்றுக்கணக்கான ஊர் மக்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். பந்தல் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, உட்கார நாற்காலி ஊர்க்காரர்கள் போடுவார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வந்தால் நாங்கள் எல்லோரும் விழித்திருப்போம். தீமிதி நாளும் படுகளத்து நாளும் வேண்டாம், கூட்டத்தில் முடியாது. மற்ற எந்த நாளும் சரி.

இப்படிக்கு,
ஒரு தெருக்கூத்து வாத்தியார்,
காரிமங்கலம் வட்டம், தருமபுரி மாவட்டம்.